கீழ்ப்பூச்சு

என் வேலை உரிப்பது.
பாகலூர் ரோட்டில் பஸ் இறங்கி
கேட்டில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுப் போனால்
ஷெட்டுக்குள் நிற்கிறது,
ஐம்பது இருக்கை, இரண்டு விசிறி,
சீனத்திலிருந்து கைமாறிக் கைமாறி
ஓசூர் வரை வந்த ஒன்று.

களிக் கூழ் பதத்தில் மருந்தைத் தடவி
நாற்பது நிமிடம் விட்டால்
பெயிண்ட் பாலாடையாய்ச் சுருங்கும்.
பிளாஸ்டிக் கரண்டியால்தான் வழிக்கணும்.
இரும்பு பட்டு ஒரு கீறல் விழுந்தால்
அது இருபதாயிரம் அடியில் வாய் திறக்கும் என்பார்
ஒபேதுல்லா மேஸ்திரி.

முதல் அடுக்கு நீலம்.
பெரிய கம்பெனியின் நீலம்,
எல்லா வாலிலும் ஒன்றே போல, சீருடை.
மூன்று நாளில் தரையில் கிடந்தது.
சொல்ல ஒன்றுமில்லை.

அதன் அடியில்
ஒரு கொக்கு வந்தது.
கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கிறது.
பக்கத்தில் நான்கு எழுத்து,
ஒவ்வொன்றும் ஒரு வீட்டு பிளான் மாதிரி.
மேஸ்திரியின் கைப்பேசிக்கு மட்டும் அனுமதி உண்டு.
காட்டினார். அது யோசித்து யோசித்துச் சொன்னது:
மேக ஆறு வான்சேவை.

மேக ஆறாம்.
திம்மராயன் சிரித்துவிட்டான்.
நமக்கும் ஒன்று இருக்கே,
கெலவரப்பள்ளி மதகில் நுரை பொங்கி
ரோட்டுக்கு ஏறி வருகிற நாளில் என்றான்.

கூட வந்த காகிதக் கட்டை
சாப்பாட்டு நேரத்தில் வரிவரியாய்ப் படித்தோம்.
வாடகைக்கு எடுத்த இரண்டு விமானம், தொண்ணூற்று மூன்றில்.
மலைக்கு நடுவே ஓர் ஊர்,
மதியத்துக்கு மேல் காற்று விடாது,
அதனால் காலையில் மட்டும்.
வாத்தியார்கள், காளான் கூடைகள்,
பரிட்சைத்தாள் மூட்டைக்கு ஒரு தனி இருக்கை, பெல்ட் போட்டு.
பிறகு ஏழு ஊர், ஒன்பது விமானம்.
பஸ்ஸில் பதினோரு மணி நேரம் போனவர்கள்
ஐம்பது நிமிடத்தில் போனார்கள்.
பிறகு மலையைக் குடைந்து ரயில் வந்தது.
ரயிலுக்குக் காற்றும் கிடையாது மதியமும் கிடையாது.
பிறகு நீலம்.

கடைசித் தாளில் கணக்கு:
ஏறியது நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு தடவை,
இறங்கியதும் அதே.
மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இதைவிட ஒரு கம்பெனிக்கு என்னடா வேணும் என்றார்.

கொக்கு போன இடத்தில் வெள்ளை,
வெள்ளையில் பென்சில் கோடு.
முதலில் வரைந்த கழுத்து இன்னும் நீளம்.
யாரோ ஏணியில் நின்று
பின்னால் நகர்ந்து பார்த்து
அழித்துக் குட்டையாக்கியிருக்கிறான்.
பென்சில் கூடாதென்று அவனுக்கும்
ஒரு மேஸ்திரி சொல்லியிருப்பார்.
அந்தக் கோட்டை உரிக்க மட்டும்
எனக்கு ஒரு டீ நேரம் ஆயிற்று.
அதற்கும் கீழே பச்சை. அதற்கும் கீழே உலோகம்,
என் முகம் அதில் சற்று அகலமாய்த் தெரிந்தது.

பதினோரு பீப்பாய் வெளியே போனது.
நீலம், கொக்கு, எழுத்து எல்லாம்
கலந்தால் ஒரே சாம்பல் சேறு.

வாங்கியவர் கிருஷ்ணகிரி மாங்கூழ் முதலாளி.
ஓசூர், சேலம், தூத்துக்குடி என்று
சுவரில் வரைபடம் ஒட்டிச் சிவப்பு நூல் கட்டினார்.
பெயர் தகடூர் ஏர்வேஸ்.
ஆங்கிலம் வாலில், தமிழ் உடம்பில், ஆளுயரத்தில்.
த போட்டோம். க போட்டோம்.
டூ காய்ந்துகொண்டிருந்தபோது
பாங்க் ஆட்கள் இரண்டு காரில் வந்தார்கள்.
அந்த வருஷம் பூ எல்லாம் உதிர்ந்திருந்தது,
தோத்தாபுரி கூழாகவே இல்லை.

இப்போது வெளியே புல்லில் நிற்கிறது.
பட்டறைக்கு வருகிறவர்கள் படிக்கிறார்கள்,
தகடூ, தகடு,
சரியாகத்தானே எழுதியிருக்கு என்கிறார்கள்.

இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
ர்-க்கு வெட்டிய அட்டை
என் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது.
புள்ளியோடு சேர்த்து
அரை நாள் வேலை.